மூச்சுவிடக் கூடாத லாரி

ஒரு காட்டில் ஒரு லாரி இருந்தது. காட்டில் லாரி எப்படி வந்தது என்று கேட்கக் கூடாது. நரி பேசினால் நம்புகிறவர்கள், லாரி ஓடினாலும் நம்பத்தான் வேண்டும்.

காடு மலைமேல் இருந்தது. மலைக்குக் கீழே ஒரு ஏரி. ஏரிக்கரைச் சந்தையில்தான் உப்பு கிடைக்கும். உப்பு இல்லாவிட்டால் மானுக்கு முழங்கால் நடுங்கும், யானைக்குக் காரணமில்லாமல் கோபம் வரும், காட்டெருமை பாறையை நக்கி நக்கி நாக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும். ஆகவே பலாப்பழமும் தேனும் நெல்லிக்காயும் ஏற்றிக்கொண்டு லாரி கீழே போகும். உப்பு மூட்டைகளோடு மேலே வரும். வழி முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள்.

லாரியை ஓட்டியது வேலாண்டி என்கிற கரடி. நல்ல டிரைவர். நல்ல டிரைவர் என்றால் காட்டு அளவுகோலில் நல்ல டிரைவர். இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்கும். காற்று டேங்கில் சேருகிற தண்ணீரைத் தினமும் வடித்துவிட வேண்டும் என்று தெரியும், வடிக்காது. அதற்குப் பதிலாகப் பின்சக்கரத்துப் பிரேக் பூஸ்டரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தது. இதுவரை உயிரோடு இருப்பதற்கு அந்த எலுமிச்சம்பழம்தான் காரணம் என்று அது உறுதியாக நம்பியது.

வண்டி ஓட லாயக்கானது என்று வருஷா வருஷம் எஃப்.சி. சான்றிதழ் கொடுப்பது மந்திரி நடேசமூர்த்தி. நரி. அது லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வரும், ஒரு டயரை உதைக்கும், கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துகொள்ளும். ஒரு பலாப்பழம் வந்ததும் வலி போய்விடும், எஃப்.சி.யும் ஆகிவிடும். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்ததே இல்லை. அடியில் பலாப்பழம் காய்க்காது அல்லவா?

அது ஏர் பிரேக் வண்டி. மிதித்தால் டேங்கில் இருக்கிற காற்று ஓடிப்போய்ச் சக்கரத்தைப் பிடிக்க வைக்கும். காலை எடுத்தால் அந்தக் காற்று ‘புஸ்’ என்று வெளியே போகும், சக்கரம் விடுபடும். டேங்க் நிறைந்துபோனாலும் ஒரு புஸ். ஹேண்ட் பிரேக் போட்டாலும் ஒரு புஸ். புஸ் என்றால் வண்டி நலமாக இருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சின்ன விஷயத்தில்தான் ஒரு அரசாங்கமே மானம் இழந்தது.

காட்டுக்கு ராஜா சிம்மராயர். சிங்கம்தான், வயதான சிங்கம். வேட்டையாடுவதை விட்டுப் பல காலம் ஆயிற்று, இப்போது பேசுவது மட்டும்தான். பிறந்தநாள் அன்று பேச மேடை வேண்டுமே என்று லாரியின் பக்கப் பலகைகளை இறக்கி, மேலே அரியணையைப் போட்டார்கள். ஒலிபெருக்கிக்கு லாரி பேட்டரிதான். பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று இன்ஜினை ஓடவிட்டு, வேலாண்டி கேபினில் உட்கார்ந்து நெல்லிக்காய் கடித்துக்கொண்டிருந்தது.

“என் அருமைக் குடிமக்களே!” என்றது சிம்மராயர். “நான் அரியணை ஏறியபோது உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கு என்ன ஆயிற்று?”

கூட்டம் ‘நிறைவேறியது’ என்று கத்துவதற்காகக் கொஞ்சம் இடைவெளி விட்டது. அந்த இடைவெளியில் டேங்க் நிறைந்தது.

“புஸ்ஸ்ஸ்ஸ்.”

சத்தம் சரியாக மகாராஜாவின் வாலுக்குக் கீழே இருந்து வந்தது. காட்டுப்பன்றிகள் மரியாதையாக இரண்டு அடி பின்னால் நகர்ந்தன. ஒரு அணில் தன் குட்டியின் மூக்கைப் பொத்தியது. குரங்குகள் என்ன செய்தன என்று சொல்லவே வேண்டாம். கிளையிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தன.

“யார் அது?” என்று கர்ஜித்தது சிங்கம்.

வேலாண்டி அவசரமாக இறங்கி ஓடிவந்து கும்பிட்டது. “ஆருமில்லீங்க மகராசா. வயிறு ரொம்பிருச்சுங்க, அதான் காத்து உட்ருச்சு.”

“யாருக்கு வயிறு?”

“வண்டிக்குங்க.”

விளக்கம் சொன்னால் சரியாகிவிடும் என்று பாவம் அது நினைத்தது. கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. வயசான ராஜாக்களால் பசியைத் தாங்க முடியும், பட்டினியைத் தாங்க முடியும், சிரிப்பைத்தான் தாங்க முடியாது. சிம்மராயர் அரியணையை ஒரு தட்டுத் தட்டியது. அரியணையில் விரித்திருந்தது முந்தைய டிரைவரின் தோல். அது ஒரு சிறுத்தை. பிரசங்கத்தின் நடுவில் தும்மியதைத் தவிர வேறு ஒரு குற்றமும் அதன் மீது கிடையாது.

“இந்த வண்டி என் காதுபட இன்னொரு முறை இப்படிச் செய்தால், இதன் மேல் உன் தோலை விரிப்பேன்” என்றது சிங்கம். “உன் தோலில் முடி அதிகம். உட்கார மெத்தென்று இருக்கும்.”

கரடியின் தோல் கரடிக்குப் பிடித்தமான தோல். அதற்கு வேறு தோல் கிடையாது.

வண்டியை வாயடைக்க வைக்கும் பொறுப்பு மந்திரி நடேசமூர்த்தியிடம் வந்தது. நரி முதன்முதலாக லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தது. காற்று வெளியேறுகிற ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தது. காட்டு மூங்கிலைச் சீவித் தக்கை செய்து, தேன்மெழுகு பூசி, எல்லாவற்றையும் அடைத்தது. ஏர் ஹாரனும் ராஜாவின் கர்ஜனையைவிடப் பெரிதாகக் கேட்கிறது என்று அதையும் கழற்றிப் போட்டது.

“ஏனுங்க மந்திரி” என்று கெஞ்சியது வேலாண்டி. “பிரேக்க மிதிச்சாக் காத்து உள்ள போகும். காலை எடுத்தா வெளிய வரோணும். வந்தாத்தான் சக்கரத்த உடும். நீங்க வர்ற வழியெல்லாம் அடைச்சுப் போட்டீங்கன்னா, ஒருக்கா மிதிச்சா மிதிச்சதுதானுங்க. அப்புறம் வண்டிய எமனே வந்து தள்ளுனாலும் நகராதுங்க.”

“நீ மூச்சு விடும்போது சத்தம் போடுகிறாயா?”

“கொறட்டை உடுவனுங்க.”

“அதையும் குறைத்துக்கொள்” என்றது நரி. “இதோ பார் வேலாண்டி. பிரேக் பிடித்தால் விடாது என்கிறாய். விடாத பிரேக்கை விட நல்ல பிரேக் உலகத்தில் உண்டா? இதற்கு நான் ஆயுளுக்கும் சேர்த்து எஃப்.சி. கொடுக்கிறேன்.”

உடம்பு சரியில்லை, லீவு வேண்டும் என்று கேட்டுப் பார்த்தது கரடி. லீவு வேண்டுமானால் மகாராஜாவிடம் நேரில் போய்க் கேட்க வேண்டும் என்றது நரி. வேலாண்டிக்கு உடனே உடம்பு சரியாகிவிட்டது.

மறுவாரம் ஏரிக்கரையில் புது உப்புக் கிடங்கு திறப்பு விழா. மகாராஜா லாரியில்தான் இறங்குவார் என்று பறையடித்து அறிவித்தார்கள். லாரிமேல் அரியணை, அதைச் சுற்றி மான், முயல், பன்றி, குரங்கு என்று முழுக் காடும் ஏறிக்கொண்டது. நிற்க இடமில்லாதவர்கள் கேபின் கூரையில் உட்கார்ந்தார்கள். மந்திரி மட்டும் கேபினுக்குள், டிரைவர் பக்கத்தில்.

ஹேண்ட் பிரேக் தொடக் கூடாது என்பதால் டயருக்குக் கல் வைத்திருந்தது. கல்லை எடுத்ததும் லாரி தானாகவே நகர ஆரம்பித்தது. வேலாண்டி ஃபர்ஸ்ட் கியரைப் போட்டு, பிரேக் பெடலிலிருந்து காலைத் தூரமாக இழுத்து மடக்கிக்கொண்டது. வாழ்க்கையில் முதல்முறையாக அது கியரில் மலை இறங்கியது. இன்ஜின் உறுமி உறுமி வண்டியைப் பிடித்துக்கொள்ள, லாரி எறும்பு போல ஊர்ந்தது.

“ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறாய்?” என்றது நரி.

“பிரேக்கத் தொடாம எறக்கறனுங்க.”

“ஏன் தொடக் கூடாது?”

“அன்னைக்கே சொன்னனேங்க. ஒருக்காத்தான் மிதிக்க முடியும்.”

நரிக்கு அப்போதுதான் விஷயம் வயிற்றுக்குள் இறங்கியது. கல்யாண வீட்டில் பந்தி முடிந்தபின் வந்தவன் முகம் போல ஆயிற்று அதன் முகம். “அப்படியென்றால் ஏரிக்கரை வரை மிதிக்காமலே போய்விடு” என்றது.

“அதத்தானுங்க பாக்குறேன். அங்க போய் ஒருக்கா மிதிச்சு நிறுத்திப் போடலாம்ங்க. மகராசா எறங்கிக் கிடங்கத் தொறந்து, உள்ள போய்ப் பேச ஆரம்பிச்சாருன்னா போதுமுங்க. அவரு பேசறதுக்குள்ள நான் தக்கையப் புடுங்கி, புஸ்ஸு உட்டு, மறுக்கா அடைச்சிருவேன். அவரு காதுக்கு அவரு கொரலு மட்டுந்தானுங்க கேக்கும்.”

“நீ டிரைவராக இருக்க வேண்டியவனே இல்லை” என்றது நரி, மனதார மெச்சி. “அரசியலுக்கு வந்திருக்க வேண்டும்.”

வளைவுகள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. ஒவ்வொரு வளைவிலும் கரடி ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துத் திருப்பியது. பெடல் அங்கேயே இருந்தது. இருபது வருஷப் பழக்கத்தில் கால் தானாகப் பெடலுக்குப் போகும். கரடி வலது காலை இடது காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டது. மேலே குடிமக்கள் பாட்டுப் பாடினார்கள். காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த மகாராஜாவுக்குச் சந்தோஷம். “ஒரு சத்தமும் இல்லை பார்த்தாயா? ஒழுக்கம் என்றால் இது” என்று பக்கத்து மானிடம் சொன்னது. மான் ராஜாவின் பல்லைப் பார்த்துக்கொண்டே தலையாட்டியது.

பாதி மலை இறங்கியாயிற்று. வளைவைத் திருப்பியதும் நடுரோட்டில் ஒரு ஆமை.

மாரப்பன் என்று பெயர். ரோட்டின் இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் ஊற்று. தண்ணீர் குடிக்கப் போய்க்கொண்டிருந்தது. போய்க்கொண்டிருந்தது என்பதும் நின்றுகொண்டிருந்தது என்பதும் ஆமை விஷயத்தில் ஏறக்குறைய ஒன்றுதான்.

வேலாண்டி ஹாரனுக்குக் கை வைத்தது. ஹாரன் இல்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், ஒதுங்க வழியில்லை.

“ஏத்திவிடு!” என்று கத்தியது நரி. “ஓடுதானே, தாங்கும்!”

கரடிக்கு ஒரு விநாடி அப்படித்தான் தோன்றியது. மிதித்தால் வண்டி இங்கேயே நிற்கும். நின்றால் தக்கையைப் பிடுங்க வேண்டும். பிடுங்கினால் புஸ். புஸ் என்றால் தோல். அப்போது மாரப்பன் தலையைத் திருப்பி லாரியைப் பார்த்தது. பயந்து உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. ‘யோவ், கண்ணு தெரியலையா’ என்பது போல முறைத்துப் பார்த்தது. முறைக்கிற ஒருவன்மேல் லாரியை ஏற்ற கரடிக்கு மனம் வரவில்லை.

மிதித்தது.

லாரி குலுங்கி, முனகி, ஆமையின் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. மேலே இருந்த மொத்தக் காடும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தது. மகாராஜாவின் மடியில் ஒரு காட்டுப்பன்றி விழுந்தது. வேலாண்டி பெடலிலிருந்து காலை எடுத்தது. ஒரு சத்தமும் வரவில்லை. சக்கரம் பிடித்தது பிடித்ததுதான். டேங்க் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நடுங்குவதைப் பார்த்ததும் இன்ஜினையும் அணைத்துவிட்டது.

“ஹாரன் அடிக்க மாட்டியாய்யா?” என்றது மாரப்பன்.

“ஏன் நின்றுவிட்டது?” என்று மேலிருந்து கர்ஜனை கேட்டது. “டிரைவர்! இங்கே வா!”

தக்கை அடித்தது நரி. கரடியின் தோலை உரித்தால் நரியின் தோலும் அடுத்த வரிசையில்தான். மகாராஜா ஒரே நாளில் இரண்டு விரிப்பு கிடைத்தால் வேண்டாம் என்று சொல்கிறவர் இல்லை. “எதையாவது சொல்லு, எதையாவது சொல்லித் தொலை” என்று அது கரடியின் முதுகைத் தள்ளியது.

வேலாண்டி இறங்கியது. எதிரே மகாராஜா, மகாராஜாவின் மடியில் பன்றி, பன்றிக்குப் பின்னால் முழுக் காடு. கரடி கும்பிட்டு, வாயில் வந்ததைச் சொன்னது.

“எறங்குங்க மகராசா. எடம் வந்துருச்சுங்க.”

எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். ஒரு பாறை இருந்தது. கறுப்பும் மஞ்சளும் அடித்த ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. வேறு ஒன்றுமில்லை.

“கிடங்கு எங்கே?” என்றது சிங்கம்.

நரிக்கு நிலைமை புரிந்துவிட்டது. அது கேபினிலிருந்து துள்ளிக் குதித்து, தொண்டையைச் செருமிக்கொண்டது.

“மாமன்னா! கிடங்கு என்றால் நாலு சுவரும் கூரையும் வேண்டும் என்று நினைப்பது பழைய காலம். இது தங்கள் ஆட்சியின் திறந்தவெளிக் கிடங்கு. வானமே கூரை.”

“உப்பு?”

“காற்றில் கலந்து வைத்திருக்கிறோம். மூட்டை தூக்கும் செலவு மிச்சம். தாங்கள் நாக்கை நீட்டினால் போதும்.”

மகாராஜா நாக்கை நீட்டியது. ராஜா நீட்டியதும் எல்லோரும் நீட்டினார்கள். லாரி நின்ற அதிர்ச்சியில் ஒவ்வொருவருக்கும் வேர்த்து விறுவிறுத்து, மூக்கிலும் மீசையிலும் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. பாதிப் பேர் அழுதும் இருந்தார்கள்.

“கரிக்குது!” என்றது ஒரு குரங்கு.

“ஆமாம், கரிக்குது!” என்றது முயல். “நல்ல உப்புதான்!”

கைதட்டல் எழுந்தது. கைதட்டலுக்கு நடுவில் ஒரு குரல் மட்டும் தரையிலிருந்து வந்தது. “ஏனப்பா, ஏரி இன்னும் கீழ இருக்குதே?” மாரப்பன்தான். இதற்காகவா இவனைக் காப்பாற்றினோம் என்று வேலாண்டிக்கு ஒரு கணம் வெறுப்பாக இருந்தது. நரி குனிந்து ஆமையின் காதில், அதாவது காது இருக்கக்கூடும் என்று தோன்றிய இடத்தில், ஏதோ சொன்னது. ஆமை யோசித்தது. ஆமை யோசித்து முடிக்கிற வரைக்கும் கரடி மூச்சுவிடவில்லை.

“கிடங்குக் காவக்காரன் வேலைங்களா?” என்றது மாரப்பன். “நமக்கும் வீடு பக்கந்தான். அப்ப எடம் சரியாத்தான் இருக்குது.”

பாறையில் படர்ந்திருந்த கொடி ஒன்றை இழுத்து ரோட்டுக்குக் குறுக்கே கட்டினார்கள். மகாராஜா பல்லால் கடித்து அறுத்தது. லாரிக்குப் பக்கத்திலேயே நின்று நீண்ட நேரம் பேசியது. வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்டது, இடைவெளி விட்டது. ஒரு சத்தமும் இல்லை. “நிறைவேறியது!” என்று கூட்டம் கத்தியது. வேலாண்டிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்திலிருந்தவர்கள் அதை ராஜவிசுவாசம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பேசி முடித்ததும் சிங்கம் சொன்னது: “சரி, வண்டியைத் திருப்பு. அரண்மனைக்குப் போகலாம்.”

கரடியும் நரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டன. இந்தத் தடவை யோசித்துப் பேசியது கரடி. ஒரு பொய் தப்பித்துவிட்டால் அடுத்ததற்குத் தனியாகத் தைரியம் தேவைப்படுவதில்லை.

“திருப்பறதாங்க? மகராசா உக்காந்து வந்த வண்டிங்க இது. இனிமே இதுல பலாப்பழம் ஏத்துனா உங்க மரியாதை என்னாகறதுங்க? இது இங்கயே நிக்கட்டுமுங்க. நாளப்பின்ன ஆராவது மகராசா எதுல வந்தாருன்னு கேட்டா, நாங்க கையக் காட்டோணும்ல?”

“நினைவுச் சின்னம்!” என்றது நரி, மூச்சு வாங்கிக்கொண்டு.

சிம்மராயர் லாரியைப் பார்த்தது. தன்னைத் தாங்கிய வண்டி சத்தமில்லாமல், அசையாமல், தலைகுனிந்து நிற்பது அதற்கு மிகவும் பிடித்திருந்தது. இப்படியே முழுக் காடும் நின்றால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டது. “வேலாண்டி” என்றது, “நீதான் இனிப் போக்குவரத்து மந்திரி.” அறுத்த கொடியை எடுத்து அதன் கழுத்தில் மாலையாகப் போட்டது. பிறகு இரண்டு காட்டெருமைகள் மேல் அரியணையை ஏற்றிக்கொண்டு, குடிமக்கள் பாட்டுப் பாடியபடி நடந்தே மலையேறினார்கள். உப்பு வாங்க வந்தோமே என்று பாதி வழியில் ஒரு மானுக்கு ஞாபகம் வந்தது. பக்கத்து மான் நாக்கை நீட்டிக் காட்டியது.

எல்லோரும் போய்விட்டார்கள். வெயில் தாழ்ந்திருந்தது. லாரியும், கரடியும், ஆமையும் மட்டும்.

“இப்பத்தான் ஆருமில்லியே” என்றது மாரப்பன். “அந்தத் தக்கையப் புடுங்கீட்டுக் கீழ போனீன்னா உப்பு ஏத்தீட்டு வந்தரலாம். பாவம், மானெல்லாம் முழங்காலு நடுங்கிக்கிட்டு நின்னுச்சு. எனக்கே பாக்கச் சகிக்கல.”

வேலாண்டிக்கும் சகிக்கவில்லைதான். அந்த லாரியை அது நிஜமாகவே நேசித்தது. அதன் புஸ் சத்தம் கேட்காமல் இந்த ஒரு வாரம் அதற்குத் தூக்கமே பிடிக்கவில்லை. மாலையைக் கழற்றாமல் அது வண்டிக்கு அடியில் தவழ்ந்து போனது. தக்கையைத் தொட்டுப் பார்த்தது. உள்ளே அடைபட்ட காற்று விரலில் துடிப்பது தெரிந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் போதும்.

இழுத்தால் வண்டி நகரும். நகர்ந்தால் ஓட்ட வேண்டும். ஓட்டினால் வளைவு, இறக்கம், எஃப்.சி., பலாப்பழம், நடுரோட்டில் எவனாவது ஒரு ஆமை. எல்லாம் தப்பித்தாலும் கடைசியில் எங்கேயாவது ஒரு புஸ். நகராவிட்டால் வேலாண்டி மந்திரி. மந்திரிக்குத் தேன் வீடு தேடி வரும். கரடி கையை எடுத்தது. பக்கத்தில் கிடந்த கல்லை எடுத்துத் தக்கையின் தலையில் ஓங்கி ஒரு அடி அடித்தது. இன்னொரு அடியும் அடித்தது.

“என்னப்பா பண்ற உள்ள?” என்றது மாரப்பன்.

“ஒண்ணுமில்ல. பிரேக் நல்லாப் புடிச்சிருக்குதான்னு பாக்குறேன்” என்றது மாண்புமிகு வேலாண்டி.

நீதி: ஓடுகிற வண்டிக்கு டிரைவர் ஆகாதே, நின்றுபோன வண்டிக்கு மந்திரி ஆகு.